மாத்திரை பலன் தந்த பிறகும் புற்றுநோய் திரும்புவது ஏன்?

"சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எனக்கு எப்படி நுரையீரல் புற்றுநோய்?"

ஆசியாவில் பலர் கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் பதில் கட்டியின் மரபணுவில் இருக்கிறது.

இஜிஎஃப்ஆர் மரபணு என்ன செய்கிறது?

உயிரணுவை வளரச் சொல்லும் சுவிட்ச் போன்றது அது. அதில் மாற்றம் ஏற்பட்டால் சுவிட்ச் அணையவே அணையாது. 2004ஆம் ஆண்டில் அது தெரியவந்த பிறகுதான், கெஃபிட்டினிப் மாத்திரை யாருக்குக் கைகொடுக்கும் என்பது புரிந்தது.

இந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியில் மட்டுமே இருக்கும், பிள்ளைகளுக்குப் போகாது.

அப்புறம் ஏன் நோய் திரும்புது?

சிகிச்சையின்போது புற்றுநோயும் மாறுகிறது. கெஃபிட்டினிப் போன்ற மருந்துகள் பலனிழந்தவர்களில் சுமார் பாதிப் பேரிடம் டி790எம் என்ற புதிய மாற்றம் காணப்படுகிறது. அது வந்துவிட்டால் பழைய மாத்திரையால் சுவிட்சை அணைக்க முடியாது. அதையும் அடக்கக்கூடியது ஓசிமெர்ட்டினிப்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

"கட்டிக்கு மரபணுப் பரிசோதனை செஞ்சாச்சா?" நோய் திரும்பினால், "மறுபடியும் பரிசோதிக்கணுமா?" என்று கேளுங்கள்.

சிலருக்கு ரத்தப் பரிசோதனையே போதும். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் மாற்றமே இல்லை என்று முடிவுசெய்துவிட முடியாது. திசுவையும் எடுத்துப் பார்க்கவேண்டி வரலாம்.