அமெரிக்க மேற்கெல்லையும் செரோக்கி மக்களும்

எல்லை என்னும் சொல் ஓரிடத்தே நிலைத்து நிற்கும் வரம்பையே நமக்கு உணர்த்தும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்திலோ எல்லை என்பது நில்லாது பெயர்ந்துகொண்டே இருந்தது. அட்லாண்டிக் கடற்கரையில் தொடங்கிய அது மலைகளையும் பேராறுகளையும் கடந்து பசிபிக் கடலளவும் சென்றது. அவ்வெல்லைக்கு இப்பால் வெள்ளையர் குடியிருப்பு. அப்பாலுள்ளதை அவர்கள் வெற்றுநிலம் என்றனர். அஃது உண்மையில் வெற்றுநிலந்தானா என்பதை இங்கு ஆராயப் புகுவாம்.

1803-ஆம் ஆண்டில் லூயிஸியானாப் பிரதேசத்தை ஒன்றரைக் கோடி டாலருக்குப் பிரான்ஸ் தேசத்தாரிடம் வாங்கியபோது, ஐக்கிய நாடுகளின் பரப்பு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1848-இல் கலிபோர்னியாவிற் பொன் கண்ட செய்தி பல்லாயிரவரை மேற்கே இழுத்தது. 1862-இல் இயற்றப்பெற்ற குடிநிலச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்வோர்க்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்திற்கு அளித்தது. 1869-இல் கிழக்கையும் மேற்கையும் இருப்புப்பாதை இணைத்தது. 1890-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குப் பின், குறிப்பிடத்தக்க எல்லைக்கோடு இனி இல்லை என அரசாங்கத்தார் அறிவித்தனர். எல்லைப்புற வாழ்வே அமெரிக்கரின் தன்னம்பிக்கையையும் குடியரசு உணர்ச்சியையும் வளர்த்ததென்று டர்னர் என்னும் சரித்திர ஆசிரியர் 1893-இற் கூறினார். அதில் உண்மை ஒருபகுதி உண்டு. மற்றொரு பகுதியை அறிய, எல்லைக்கு அப்பால் நின்று நோக்குதல் வேண்டும்.

ஜார்ஜியா முதலிய தென்கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்த ஆதிக்குடிகளுள் ஒருவர் செரோக்கியர். அவருள் வெள்ளிவேலை செய்துவந்த செக்வோயா என்பார் ஆங்கிலம் படிக்க அறியாதவர். எனினும், வெள்ளையர் தாளில் எழுதிப் பேசிக்கொள்வதைக் கண்டு, தம் தாய்மொழிக்கும் எழுத்து வேண்டுமெனத் துணிந்து, பல்லாண்டு முயன்று, 1821-ஆம் ஆண்டளவில் ஓர் எழுத்துமுறையை வகுத்து முடித்தார். நம் உயிர்மெய்யெழுத்தைப் போல ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்தாக, ஏறக்குறைய 85 எழுத்துகள் அதில் உண்டு. சில ஆண்டுகளில் அம்மக்களுட் பெரும்பாலோர் படிக்கக் கற்றனர். 1827-இல் தமக்கென ஓர் அரசியல் சாசனம் வகுத்தனர். 1828-இல் 'செரோக்கி பீனிக்ஸ்' என்னும் பத்திரிகையை இருமொழியில் வெளியிட்டனர். உழுதொழிலும் பாடசாலையும் அச்சுக்கூடமும் அவர்களிடை இருந்தன. இந்நாட்டையோ வெற்றுநிலம் என்பது?

ஆயினும் அவர்கள் நிலத்திற் பொன் காணப்பட்டது. பருத்தி பயிரிட நிலந்தேடுவோரும் பெருகினர். ஆதிக்குடிகளை மிஸிஸிபி ஆற்றுக்கு மேற்கே அகற்றுஞ் சட்டம், ஜாக்ஸன் தலைவராயிருந்த 1830-இல் நிறைவேறியது. ஜார்ஜியா அரசாங்கத்தின் அனுமதியின்றிச் செரோக்கியரிடை வாழ்ந்தமைக்காகச் சாமுவேல் வூஸ்டர், எலைஸர் பட்லர் என்னும் மிஷனெரிமார் இருவர் 1831-இல் நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பெற்றனர். யாழ்ப்பாணத்திற்கு 1816-இலும் மதுரைக்கு 1834-இலும் ஊழியரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு சங்கமே இவர்களையும் அனுப்பியது. 1832-இல் உயர்தர நீதிமன்றத் தலைவர் மார்ஷல், செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டில் நின்றது, நாட்டில் நடைபெறவில்லை. மிஷனெரிமார் மேலும் ஓராண்டளவு சிறையிலேயே இருந்து, வழக்கைத் தொடர்வதை விடுத்து, 1833-இல் விடுதலை பெற்றனர்.

1835-இல் ஒரு சிறு கூட்டத்தார் மட்டும் கையொப்பமிட்ட உடன்படிக்கையைக் கொண்டு, நாடு முழுதும் ஒப்புக்கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. தலைவர் ஜான் ராஸும் பெரும்பான்மையோரும் மறுத்து விண்ணப்பஞ் செய்தும் பயனில்லை. 1838-இல் போர்வீரர் வந்து, மக்களை வீடுகளினின்றும் வெளியேற்றி முகாம்களில் அடைத்தனர். அகற்றப்பட்டோர் ஏறக்குறைய 16,000 பேர். மாரிக்காலத்தில் நூற்றுக்கணக்கான மைல் நடந்த அவ்வழியிலும், முகாம்களிலும் நோயாலும் குளிராலும் மாண்டோர் ஏறக்குறைய 4,000 பேர் என மதிப்பிடுவர். அதனைக் 'கண்ணீர் வழி' என்பர்.

கல்லாதவர், நாகரிகமற்றவர், ஆதலின் நிலத்திற்கு உரியரல்லர் என்பதே ஆதிக்குடிகள்மேற் சாற்றப்பட்ட குற்றம். செரோக்கியரோ எழுத்தும் சட்டமும் பத்திரிகையும் உடையராய், நீதிமன்றத்திலும் வென்றனர். பின்னும் நிலத்தை இழந்தனர். ஆகவே, நாகரிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். நிலமே உண்மைக் காரணம் என்பது வெளிப்படை. ஏழைக் குடியானவன் பெற்ற 160 ஏக்கரை நாம் இகழவேண்டுவதில்லை; ஆனால் அம்மேற்கு நிலங்களிலும் முன்னே வாழ்ந்தவர் உண்டென்பதை மறத்தலும் ஆகாது.

நிலம் போயிற்று, எழுத்துப் போகவில்லை. புதிய நாட்டிலும் வூஸ்டர் அச்சுக்கூடம் அமைத்தார். 1844-இல் செரோக்கியர் மீண்டும் ஒரு பத்திரிகை தொடங்கினர். செக்வோயாவின் எழுத்துகளை இன்றும் ஓக்லஹோமாவிற் சிறுவர் பயில்கின்றனர். தாய்மொழியைச் சிறப்பாகப் பயிலும் நமக்கு, நடந்து வந்தோர் உடன்கொண்டுவந்த அவ்வெழுத்துகளைவிட உயர்ந்த செல்வம் வேறு யாது தோன்றும்?