மரச் சிறகும் மாதிரி விமானமும்

கலஹா மலைச்சாரலில் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒட்டுப்பலகை இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றின் ரேகை நெடுக்காகவும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் அமையுமாறு அடுக்கி ஒட்டினால், கனம் குறைந்ததும் எளிதிற் பிளவாததுமான பலகை கிடைக்கிறது. அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிவைத்த தொழிலின் சரக்கு, பிற்காலத்தில் நெடுநாள் கப்பலேறியது இத்தகைய பெட்டிகளிலேதான். பால்டிக் கடலோரத்துத் தாலின் நகரில் பேர்ச் மரத்தாற் செய்த ஒட்டுப்பலகை தேயிலைப் பெட்டிக்கென்றே பெயர்பெற்றிருந்தது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அதே பேர்ச் மரம் ருஷ்யாவிற் போர் விமானமாயிற்று. அலுமினியம் அரிதாயிருந்தது, காடுகளுக்கோ குறைவில்லை. லவோச்கினும் அவர்தம் தோழர் இருவரும் வகுத்த லாக்-3 விமானத்தின் உடலும் சிறகும் மரமே. பிசின் ஊட்டி அழுத்திய மர ஏடுகள் சிறகுக்கு முதுகெலும்பாயின. உறுதிக்குக் குறைவில்லை, ஆனால் கனம் மிகுதி, எஞ்சினின் வலுவோ போதவில்லை. ஆகவே 1942இல், காற்றாற் குளிரும் 14 சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அதிற் பொருத்தினர். அது விமானத்தின் உடலைவிட அகன்றிருந்தது. விலாப்புறங்களில் மரச்சட்டங்களை ஒட்டி, மேலே பலகை போர்த்து அகலத்தைச் சரிக்கட்டினர். தச்சர் செய்யும் காரியந்தான்! இவ்வாறு பிறந்த லா-5 வகையில் ஏறத்தாழ 10,000 விமானங்கள் கட்டப்பட்டன.

மரம் ஈரத்திற் கெடுவது. அவற்றுள் இன்று எஞ்சியவை மிக அரிது. எனவே பலருக்கும் அவ்விமானத்தைக் காணும் வழி, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும் மாதிரியே. 72இல் ஒரு பங்கு என்னும் அளவில் ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்குகிறது. லா-5இன் 9.8 மீற்றர்ச் சிறகுவீச்சு 136 மில்லிமீற்றராகி உள்ளங்கையைச் சற்றே கடந்து நிற்கும். யுத்தகாலத்தில் நட்பு விமானத்தையும் பகை விமானத்தையும் பிரித்தறியப் படையினரைப் பயிற்றிய மாதிரிகளும் பெரும்பாலும் இதே அளவின. துண்டுகளை இணைக்கும் பசை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஒட்டுவது எளிது, வர்ணம் பூசுவதிலேயே பிழை நேர்கிறது. போரில் அடிபட்ட தோற்றம் வேண்டி, பலர் சிறகின் விளிம்பெங்கும் வெள்ளி வர்ணத்தைத் தீற்றிவிடுகின்றனர். உலோக விமானத்துக்கு அது பொருந்தும். மரச் சிறகிலோ வர்ணம் உரிந்தால் வெளிப்படுவது அடிப்பூச்சு அல்லது மரத்தின் மங்கிய பழுப்பு. ஆணித்தலைகளின் வரிசையும் அங்கே இராது. பலகையைப் பூசிமெழுகி வழுவழுப்பாக்கியிருந்தனர். எஞ்சினை மூடிய தகட்டில் மாத்திரம் வெள்ளி கீறல்களாகத் தெரியலாம். வாற்புறத்துச் சுக்கானோ உலோகச் சட்டத்தின்மேல் துணி போர்த்தது. அங்கே கீறலுக்கே இடமில்லை.