நம்ம ஊர்க் குரலுக்கு ஒரு வானொலி

(மின்னணுவியல் – தொடர்பியல், மூன்றாம் ஆண்டு)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். ஆலங்குளத்துக் கதையை, ஆலங்குளத்துப் பேச்சிலேயே, ஆலங்குளத்துக்காரர் ஒருவர் சொல்லி, அதை நீங்கள் ரேடியோவில் கேட்டதுண்டா? யோசித்துச் சொல்லுங்கள்.

போன வருடம் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தது. விடிய விடிய சுடலைமாடன் கதை. பாடிய அண்ணாவிக்கு வயது எழுபதுக்கு மேல். நானும் கைப்பேசியை நீட்டி இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். பக்கத்திலேயே குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்ததால் பதிவானது வெறும் இரைச்சல்தான். "சரி, அடுத்த கொடைக்குப் பாத்துக்கிடலாம்" என்று விட்டுவிட்டேன். இந்த வருடக் கொடைக்கு அந்த அண்ணாவி உயிரோடு இல்லை. மைக்கைப் பற்றியும் இரைச்சலைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவன் நான். என்ன பிரயோஜனம்?

அந்த வருத்தத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

சமுதாய வானொலி என்றால் என்ன?

நமக்குத் தெரிந்த வானொலி இரண்டு வகை. ஒன்று அரசு வானொலி. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-ல் தொடங்கப்பட்டது. பல மாவட்டங்களுக்கும் பொதுவான நிலையம் அது. ஒவ்வோர் ஊருக்கும் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க அதனால் இயலாது. இரண்டாவது, தனியார் பண்பலை. அது விளம்பரத்தை நம்பி நடப்பது. அதனால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு.

மூன்றாவது வகைதான் சமுதாய வானொலி. லாப நோக்கம் இல்லாமல், ஒரு சிறு வட்டாரத்து மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திக்கொள்வது. இங்கே கேட்கிறவரும் பேசுகிறவரும் ஒரே ஆள்!

சட்டம் என்ன சொல்கிறது?

1995 பிப்ரவரி 9-ல் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. வான அலைகள் பொதுச்சொத்து என்றது அந்தத் தீர்ப்பு. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் வானொலி தொடங்க மத்திய அரசு வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1-ல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. கல்வி வளாகத்தில் அமைந்த இந்தியாவின் முதல் சமுதாய வானொலி அதுவே. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

நிபந்தனைகளும் உண்டு. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூரிலேயே தயாரிக்க வேண்டும். உள்ளூர் மொழி, வட்டார வழக்கு ஆகியவற்றுக்கே முதலிடம். சொந்தமாக அரசியல் செய்தி வாசிக்கக் கூடாது. கதை, கலை, விவசாயம், உடல்நலம், படிப்பு என மற்றவை தாராளம்.

நமக்குத் தெரிந்த பாடம்தான்!

மைக், மிக்ஸர், கணினி, டிரான்ஸ்மிட்டர், கோஆக்ஸியல் கேபிள், ஆன்டெனா. அவ்வளவுதான் சங்கிலி. பொதுவாக அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் (ஈ.ஆர்.பி.) 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு! ஆன்டெனாவின் உயரம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மிகக் கூடாது. ஏறத்தாழ 5 முதல் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தெளிவாகக் கேட்கும்.

90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன? 300-ஐ 90.4-ஆல் வகுத்தால் சுமார் 3.3 மீட்டர். அதில் பாதி 1.66 மீட்டர். ஆக, அரை அலை டைபோல் ஆன்டெனா நம்மில் ஒருவர் உயரம்தான் இருக்கும். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. நடுவே குன்று வந்தால் அதன் மறைவில் சத்தம் மங்கும். எனவே ஆலங்குளத்தில் கம்பம் நட்டால் சுற்றுக் கிராமங்களுக்குக் கேட்கும். தென்காசி வரை எட்டுவது சந்தேகம். ஆனால் இதைக் குறை என்று நினைக்காதீர்கள். எல்லை சிறியது என்பதால்தான் அதற்கு 'நம்ம ஊர்' என்ற முகம் கிடைக்கிறது.

செய்து காட்டியவர்கள்

ஒரு காலத்தில் தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு இலங்கை வானொலி ஒலித்தது. அதே இலங்கையில் 1981-ல் மகாவலி சமுதாய வானொலித் திட்டம் தொடங்கியது. மகாவலித் திட்டத்தால் இடம் மாறிக் குடியேறிய விவசாயிகளின் கிராமங்களுக்கே வானொலிக் குழுவினர் போய்த் தங்கினார்கள். அவர்கள் பேச்சையும் பாட்டையும் அங்கேயே பதிவு செய்து ஒலிபரப்பினார்கள்.

நம் மாநிலத்தில் ராமநாதபுரம் மாவட்டம் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-ல் 'கடல் ஓசை' தொடங்கியது. மீனவ மக்களுக்கான வானொலி அது. காற்று, அலை, வானிலை, கடல்வளம், மீனவர் பாட்டு என்று கடலைச் சுற்றியே பேச்சு.

என்னை அசர வைத்தது தெலங்கானாவில் மாச்சனூர் என்ற கிராமம். அங்கே தலித் பெண் விவசாயிகள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடம் யுனெஸ்கோ உதவியுடன் பல வருடங்களுக்கு முன்பே தயாராகிவிட்டது. உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்களா? இல்லை! விதை, சிறுதானியம், நாட்டு வைத்தியம், பாட்டு என்று ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். வானொலி வந்தபோது அவர்கள் கையில் சரக்கு தயாராக இருந்தது.

நண்பர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒலிபரப்பத்தான் உரிமம் வேண்டும். ஒலிப்பதிவு செய்ய எந்த உரிமமும் வேண்டாம்!

நம்மிடம் சரக்கு இல்லையா?

வில்லுப்பாட்டு இருக்கிறது. மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்து இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிப் பக்கத்து மேலகரத்துக்காரர்தான். கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்றால், சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற நம் அம்மாக்களையும் ஆச்சிகளையும் பாருங்கள். கையும் கண்ணும் இலையில். காது மட்டும் சும்மாதானே இருக்கிறது? அவர்கள் கேட்க மட்டுமா செய்வார்கள்? ஆளுக்கு நூறு கதை சொல்வார்களே!

எனவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். அனுமதி, பணம், கம்பம் என்று பேசுவது நல்லதுதான். அதற்குக் காலம் எடுக்கும். அதற்குள் ஒரு ஒலிப்பதிவுக் குழு அமைப்போம். இரண்டு மைக், ஒரு ரெக்கார்டர் போதும். வில்லுப்பாட்டு என்றால் அண்ணாவிக்கு ஒரு மைக், குடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மைக். குழாய் ஸ்பீக்கருக்கு எட்டத்தில் நிற்க வேண்டும் (நான் பட்ட பாடு!). முடிந்தால் கொடைக்கு வேறொரு நாளில், அமைதியான வீட்டுத் திண்ணையில் பாடச் சொல்லிக் கேட்கலாம். பாடுகிறவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். பெயர், ஊர், தேதி எழுதி வைக்க வேண்டும். பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டுக்கே கொடுக்க வேண்டும்.

ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் பாதுகாத்தால் போதும் என்கிறது விதி. நாம் முப்பது வருடம் பாதுகாப்போம். கம்பம் என்றைக்கு வேண்டுமானாலும் நடலாம், நண்பர்களே. அண்ணாவி காத்திருக்க மாட்டார்.

அடுத்த கொடை எந்த ஊரில்? தேதியைச் சொல்லுங்கள். நான் மைக்கோடு வருகிறேன்!