நெருஞ்சி முள் பொடி டெஸ்டோஸ்டிரோனை ஏத்துமா? ஆய்வுகள் சொல்வது இதுதான்!

நீங்கள் ஜிம்முக்குப் போகிறவரா? அப்படியென்றால் 'ட்ரிபுலஸ்' என்ற பெயர் காதில் விழாமல் இருந்திருக்காது. 'டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்' என்று லேபிள் ஒட்டி விற்கும் அந்த டப்பாவுக்குள் இருப்பது வேறொன்றுமில்லை. செருப்பில்லாமல் நடந்தால் காலைப் பதம் பார்க்குமே, நம்ம ஊர் நெருஞ்சி முள்தான்!

நீர்க்கடுப்புக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் சித்த மருத்துவத்தில் நெருஞ்சி காலங்காலமாகப் பயன்படுகிறது. ஆண்மைக்குறைவுக்கும் கொடுப்பார்கள். ஆனால், 'ஹார்மோனை ஏத்தும்' என்பது உண்மையா?

ரத்தம் என்ன சொல்லுது?

2005-ல் வெளியான பல்கேரிய ஆய்வில், 20 முதல் 36 வயதுள்ள ஆரோக்கியமான 21 ஆண்கள் கலந்துகொண்டார்கள். 4 வாரம் நெருஞ்சிச் சாறு எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவில் வித்தியாசமே இல்லை. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 22 ரக்பி வீரர்களை 5 வாரம் கவனித்தார்கள். தினமும் 450 மி.கி. எடுத்தவர்களுக்கு வலிமையோ தசையோ கூடுதலாக வளரவில்லை. பயிற்சிதான் வேலை செய்தது, பொடி இல்லை!

'விறைப்புப் பிரச்னைக்குக் கேக்குமா?' என்றால், சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது. சிலவற்றில் வெறும் டம்மி மாத்திரைக்குச் சமமாகவே இருந்தது.

அப்போ என்னதான் பண்றது?

ஆசைக் குறைவு, எப்போதும் சோர்வு, விறைப்பில் சிக்கல் என்று இருந்தால் பொடியை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். விறைப்புக் கோளாறு, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையைக் காலை வேளையில், வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை எடுக்க வேண்டும். பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே போனால்தான் 'குறைவு' என்பார்கள்.

நீங்களாகவே ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வது ரொம்ப ஆபத்து. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், உடம்பு விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும்.

காசே இல்லாத வழி ஒன்று இருக்கு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வில், ஒரு வாரம் தினமும் 5 மணி நேரம் மட்டுமே தூங்கிய இளைஞர்களுக்குப் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவிகிதம் குறைந்தது. டப்பாவை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, இன்னைக்கு நைட் போனைக் கீழே வெச்சுட்டுத் தூங்குங்க பாஸ்!