கேட்பாரற்ற பொட்டலம்

“மெட்ரோ ரயிலில் பையைச் சோதித்து உள்ளே விடுகிறார்களே, பஸ்ஸிலும் புறநகர் மின்வண்டியிலும் ஏன் அவ்வாறு செய்வதில்லை?” என்று என் பேரன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்தம்தோறும் சோதனை வைத்தால் வண்டியில் இருக்கவேண்டிய கூட்டம் வாயிலில் தேங்கும். தீங்கு நினைப்பவனுக்கு அக்கூட்டமே போதுமே! மேலும், சோதனைக் கருவி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடாது.

1995ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் காலை, ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில் நடந்ததைக் கேளுங்கள். ஓம் ஷின்ரிக்யோ என்னும் சமயக் குழுவினர் ஐவர் ஐந்து சுரங்க ரயில்களில் ஏறினர். அவர்கள் கையில் இருந்தவை செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளும் குடைகளுமே. பைகளைத் தரையிலிட்டு, கூராக்கிய குடைமுனையால் குத்திவிட்டு இறங்கிப் போயினர். உள்ளே இருந்தது சாரின் என்னும் நஞ்சு. நம் வயல்களில் தெளிக்கும் சில பூச்சிமருந்துகளுக்கு உறவானது, ஆனால் அவற்றினும் பன்மடங்கு கொடியது. அதன் ஆவி மூச்சில் கலந்தால் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சு முட்டும்.

அதற்குப் பின் நடந்ததே நாம் கருதவேண்டியது. ஒரு வண்டியில், பிரயாணி ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் பொட்டலத்தைக் காலால் நடைமேடைக்குத் தள்ளினார். நஞ்சு அங்கே பரவி, காத்திருந்தவர்களைத் தாக்கியது. கசுமிகசெகி நிலையத்தில் சிப்பந்திகள் பொட்டலத்தைக் கையால் அகற்றினர், இருவர் உயிரிழந்தனர். வேறொரு வண்டியிலிருந்து மயங்கியவர்களையும் பொட்டலங்களையும் இறக்கிய பின்னும், அவ்வண்டி பிரயாணிகளோடு தொடர்ந்து ஓடிற்று. காலந்தவறாமையை நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான். அன்று அந்தக் குணமே பகையாயிற்று. நோயாளிகளின் ஆடையில் தங்கிய நஞ்சு மருத்துவமனை ஊழியரையும் வருத்தியது. மாண்டோர் 14 பேர். அவர்களுள் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள் துன்புற்று 2020இல் மறைந்தார்.

அந்தச் சிப்பந்திகளிடம் கடமையுணர்ச்சிக்குக் குறைவில்லை. சந்தேகமான பொருளைத் தொடாதே, வண்டியை நிறுத்து, மக்களை விலக்கு, மேலிடத்துக்குச் சொல் என்ற பயிற்சிதான் முன்பே வாய்த்திருக்கவேண்டும். வண்டியை நிறுத்தும் அதிகாரம் கடைநிலை ஊழியனுக்கும் இருக்கவேண்டும் என்பேன். வீண் எச்சரிக்கை செய்தான் என்று பின்னர் அவனைக் கடிந்துகொள்ளவும் கூடாது.

கடிந்துகொள்வார்கள் என்பதை அனுபவத்தில் அறிவேன். சென்ற ஆண்டு ஒரு நிலையத்தில், பெஞ்சுக்கடியில் கேட்பாரற்றுக் கிடந்த பையைப் பற்றிக் காவலரிடம் சொன்னேன். எல்லாரையும் விலக்கிவிட்டு மோப்பநாய்க்காகக் காத்திருந்தார்கள். அதற்குள் பைக்குரிய அம்மாள் ஓடிவந்தாள். உள்ளே இரண்டு சீப்பு வாழைப்பழம். வண்டியும் போய்விட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எந்தப் பள்ளி ஆய்வாளரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை!