ஒரு துளி இரத்தம் கூறும் செய்தி

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பர் நம் முன்னோர். அச்சிரசில் பலத்த அடி பட்டுவிட்டால், உற்றார் மருத்துவரிடம் முதலில் கேட்பது, "பழையபடி ஆகிவிடுவாரா?" என்பதே. இக்கேள்விக்கு விடை காண அறிவியல் எவ்வாறு முயல்கிறது என்பதைச் சற்றுக் காண்போம்.

1974ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்னும் இரு மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் கவனித்து, 3 முதல் 15 வரை மதிப்பெண் இடும் முறை அது. இன்றும் உலகெங்கும் அது வழக்கில் உள்ளது. ஆயினும், முழு மதிப்பெண் பெற்றவர் மூளையிலும் காயம் மறைந்திருக்கக் கூடும். சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவைக் காட்டும்; நுண்ணிய நரம்பிழைகளின் சிதைவைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

இங்கேதான் இரத்தப் பரிசோதனை துணைக்கு வருகிறது. மூளையின் நரம்பணுக்களில் யு.சி.எச்.-எல்1 என்ற புரதமும், அவற்றைத் தாங்கிக் காக்கும் துணையணுக்களில் ஜி.எப்.ஏ.பி. என்ற புரதமும் உள்ளன. நலமாயிருப்பவர் இரத்தத்தில் இவை மிகமிகக் குறைவு. அடிபட்டு அணுக்கள் சிதையும்போதோ, விரிசல் கண்ட பானையிலிருந்து நீர் கசிவதைப் போல, இவை இரத்தத்தில் வந்து கலக்கின்றன. சேதம் மிகுந்தால் பொதுவாக இவற்றின் அளவும் மிகும். லேசான தலைக்காயத்திற்கு ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய உதவும் பொருட்டு, இவ்விரண்டையும் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதி அளித்தது.

இனி, குணமாவதை முன்கூட்டியே சொல்ல இயலுமா? அமெரிக்காவில் நடந்த டிராக்-டி.பி.ஐ. என்னும் பெரிய ஆய்வில், 1,696 பேருக்கு அடிபட்ட நாளன்று எடுத்த இரத்தத்தையும், ஆறு மாதம் கழித்து அவர்கள் இருந்த நிலையையும் ஒப்பிட்டனர். 2022இல் முடிவு வெளியாயிற்று. உயிருக்கு நேரும் ஆபத்தையும் கடும் ஊனத்தையும் இப்புரதங்கள் நன்றாகவே முன்னறிவித்தன. ஆனால், யார் முற்றும் குணமடைவர், யாருக்குச் சிறு குறைகள் எஞ்சும் என்பதை அவற்றால் சரிவரச் சொல்ல இயலவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தலையில் அடிபட்ட தோழி சில நாளில் வகுப்பிற்குத் திரும்பலாம். கட்டும் இல்லை, தழும்பும் இல்லை. ஆயினும் தலைவலி, மறதி, சோர்வு, எரிச்சல் ஆகியவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாள், படிக்கத்தான் சோம்பல்" என்று வீட்டிலோ பள்ளியிலோ கடிந்து கொள்வது முறையாகுமா? அவளுக்குத் தேவை ஓய்வும், மருத்துவர் ஆலோசனையும், நம் பொறுமையுமே.

இரத்தத் துளி காட்டும் எண் மருத்துவருக்கு ஒரு வழிகாட்டி. அதுவே இறுதித் தீர்ப்பன்று. எல்லாவற்றிலும் மேலானது வருமுன் காத்தல். இரு சக்கர வண்டியில் பின்னால் அமரும் நாமும் தலைக்கவசம் அணிவோம்; சிரசைக் காப்போம்!