20 வருஷப் போரும் ஒரு லாரி ரூட்டும்

2021 ஆகஸ்ட்ல காபூல் விமான நிலையத்துல, ஓடுபாதையில நகர்ற விமானத்துக்கு கூடவே ஓடின கூட்டத்தோட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய அமெரிக்க ராணுவம் 20 வருஷம் இருந்தும் ஏன் ஜெயிக்க முடியலன்னு கேட்டா, ஊழல், மலை, தாலிபானின் பிடிவாதம்னு பல பதில் வரும். எல்லாத்துலயும் உண்மை இருக்கு. ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. அதனால வேற ஒரு கேள்வி கேட்போம்: அந்தப் படைக்கு டீசலும் சாப்பாடும் எந்த வழியா போச்சு?

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். இரண்டு நாட்டு ராணுவங்கள் மோதுற போர் வேற, கிளர்ச்சி எதிர்ப்புப் போர் வேற. இரண்டாவதுல எதிரி ஊருக்குள்ளயே இருப்பான். அதனால இடத்தைப் பிடிச்சா மட்டும் போதாது, மக்களைப் பாதுகாத்து அவங்க நம்பிக்கையைப் பெறணும். 2006-ல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட கையேடு, 1000 மக்களுக்கு குறைந்தது 20 பாதுகாப்புப் படையினர் தேவைன்னு ஒரு கணக்கு சொன்னது. ஆக, நிறைய ஆட்கள் வேணும், நிறைய வருஷம் வேணும். 2009 டிசம்பர் 1 அன்று அதிபர் ஒபாமா கூடுதலாக 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். அதே உரையில், 2011 ஜூலையில் திரும்பப் பெறத் தொடங்குவோம்னும் சொன்னார். விரைவில் அங்கே சுமார் 1 லட்சம் அமெரிக்க வீரர்கள் இருந்தாங்க.

மேப்பைத் திறங்க

ஆப்கானிஸ்தானுக்குக் கடல் கிடையாது. மேற்கே ஈரான், அமெரிக்காவுக்கும் அதுக்கும் 1980-லிருந்து தூதரக உறவே இல்லை. வடக்கே மத்திய ஆசிய நாடுகள், அதுக்கும் மேல ரஷ்யா. மிச்சம் பாகிஸ்தான். கராச்சி துறைமுகத்துல இறங்கின சரக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில பயணம் செஞ்சு, தோர்காம் அல்லது சமன் எல்லை வழியா உள்ளே போகும்.

சிக்கல் இங்கதான். தாலிபான் தலைமை தங்கியிருந்ததும் பாகிஸ்தான்லதான், குவெட்டா பக்கம். ஹக்கானி குழு பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.யின் ஒரு கை போலவே செயல்படுதுன்னு 2011 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டுப் படைகளின் தலைவர் மைக் முல்லன் செனட் சபையிலேயே சொன்னார். எதிரிக்கு இடம் கொடுக்கிற நாடும், உங்க லாரிக்கு வழி விடுற நாடும் ஒண்ணே. அதட்டினா வழி அடைபடும். அதட்டலைன்னா எதிரி அடிபட்டாலும் எல்லை தாண்டிப் போய் ஆறு மாசம் கழிச்சு திரும்பி வருவான்.

அடைபட்டும் காட்டுச்சு. 2011 நவம்பர் 26 அன்று சலாலா எல்லைச் சாவடியில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தாங்க. உடனே பாகிஸ்தான் பாதையை மூடியது, ஏழு மாசத்துக்கு மேல. மாற்றா இருந்தது 2009-ல் தொடங்கின வடக்குப் பாதை: லாட்வியாவின் ரீகா துறைமுகத்திலிருந்து ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் வழியா ரயில்ல வரணும். இதனால மாசம் 10 கோடி டாலர் கூடுதல் செலவுன்னு பாதுகாப்பு அமைச்சர் பனெட்டா சொன்னார். கடைசியில 2012 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் வருத்தம் தெரிவித்த பிறகுதான் பாதை திறந்தது.

வடக்குப் பாதையும் சும்மா கிடைக்கல. 2005-ல் அந்திஜான் நகரில் மக்கள் மீது அரசுப் படை சுட்டதை அமெரிக்கா கண்டிச்சதால, தன் நாட்டு விமான தளத்திலிருந்து அமெரிக்கர்களை வெளியேத்தின நாடு உஸ்பெகிஸ்தான். அதே அரசோட, அதே அதிபரோட, திரும்ப சமாதானமா போக வேண்டி வந்தது.

நாட்டுக்குள்ள நுழைஞ்ச பிறகாவது நிம்மதியா? இல்லை. 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று, சுமார் 216 கோடி டாலர் லாரி ஒப்பந்தத்தை விசாரித்தது. லாரிப் பாதுகாப்பை ஒப்பந்தக்காரர்கள் தலையிலேயே கட்டியிருந்தாங்க. அவங்க வழியில இருந்த ஆயுதக் குழுத் தலைவர்களுக்குக் காசு கொடுத்தாங்க. அதுல ஒரு பகுதி தாலிபானுக்கே போயிருக்கலாம்னு அறிக்கை எச்சரித்தது.

ஹெலிகாப்டர் கதை

நம்ம படிப்புக்கு நெருக்கமான உதாரணம் இது. ஆப்கன் விமானிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நல்லாத் தெரிஞ்சது ரஷ்யத் தயாரிப்பான எம்.ஐ.-17. அதிக சுமை தூக்கும், உயரமான மலையிலும் வேலை செய்யும். ஆனா ரஷ்ய நிறுவனத்துக்கு அமெரிக்கப் பணம் போகக்கூடாதுன்னு வாஷிங்டன்ல எதிர்ப்பு. 2017 முதல் அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. அதன் பராமரிப்பு முழுக்க வெளிநாட்டு ஒப்பந்த டெக்னீஷியன்கள் கையில. தேவை ஒண்ணு, தேர்வு இன்னொண்ணு. நடுவுல வெளியுறவுக் கொள்கை.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் போட்டாங்க. காபூல் அரசுக்கு அந்த மேஜையில நாற்காலியே இல்லை. 14 மாசத்துல படைகள் மட்டுமில்லை, ஒப்பந்த ஊழியர்களும் வெளியேறணும்னு அதில் எழுதியிருந்தது. 2021-ல் டெக்னீஷியன்கள் கிளம்பினாங்க. வீடியோ கால்ல சொல்லச் சொல்ல ரிப்பேர் பார்க்கிற நிலைமை. ஹெலிகாப்டர் பறக்கலைன்னா மலை மேல இருக்கிற சாவடிக்குத் தோட்டாவும் போகாது, காயம்பட்டவன் கீழேயும் வர முடியாது. ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது.

"ஆப்கன் வீரர்கள் சண்டையே போடல"ன்னு அப்போ பலர் சுலபமா சொன்னாங்க. தான் பதவியேற்ற 2014-லிருந்து 45,000-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினர் இறந்ததாக அதிபர் அஷ்ரஃப் கனி 2019 ஜனவரியில் சொன்னதை அவங்க மறந்துட்டாங்க. உயிரைக் கொடுத்தவங்க இருந்தாங்க. அவங்களைத் தாங்க வேண்டிய அமைப்பு முழுக்க அடுத்தவன் கையில இருந்துச்சு.

ஒரு பாகம் நின்னா மொத்த சிஸ்டமும் நிக்கும்னா, அந்த டிசைனை நம்ம புரொஃபஸர் பாஸ் பண்ண மாட்டார். ஆப்கன் போர்ல அப்படி ஒண்ணு இல்லை, மூணு இருந்துச்சு: பாதை, பராமரிப்பு, பேச்சுவார்த்தை. மூணுமே நாட்டுக்கு வெளியே.

அடுத்த முறை ஏதோ ஒரு நாட்டுக்குக் "கூடுதல் படை அனுப்பப்படும்"னு செய்தி வந்தா, எத்தனை பேர்னு பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. மேப்பைத் திறங்க. சரக்கு யார் வீட்டு வாசல் வழியா போகுது? போனவங்க திரும்பின பிறகு ஸ்பானர் பிடிக்கப் போறது யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிஞ்சா, அந்தப் போர் எங்கே போய் நிக்கும்னு ஓரளவுக்கு நீங்களே சொல்லிடலாம்.